"சேஃப்டிக்கு இன்னும் ரெண்டு கம்பி": வீட்டு பீமில் அதிகக் கம்பி ஏன் ஆபத்தாகலாம்?

தேனி மாவட்டத்தில் குமுளி மலைச்சாலை தொடங்கும் இடம் லோயர் கேம்ப். மலைச்சரிவில் இறங்கி வரும் நான்கு ராட்சதக் குழாய்கள், அடிவாரத்தில் பெரியாறு நீர்மின் நிலையம், 2013 ஜனவரி 15-ல் திறக்கப்பட்ட பென்னிகுக் மணிமண்டபம். இந்த வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மணிமண்டபத்தில் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு மலை ஏறிவிடுவார்கள்.

குழாயில் இறங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முல்லைப் பெரியாறு அணை. அதிகம் பேர் அறியாதது, அந்த அணையின் உடம்புக்குள் 95 இரும்பு கேபிள்கள் இருக்கின்றன என்பது.

1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அணை அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் கட்டப்பட்டது. 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தின் மோர்பி அருகே மச்சு அணை உடைந்த பிறகு, பழைய அணைகள் பற்றி நாடு முழுக்க பயம் கிளம்பியது. பெரியாறு அணையை மத்திய நீர்வளக் குழுமம் ஆய்வு செய்தது. அணையைப் பலப்படுத்தும் வேலைகள் அடுத்தடுத்து நடந்தன. மேலே கான்கிரீட் தொப்பி, பின்பக்கம் கான்கிரீட் முட்டு, நடுவில் இந்த கேபிள்கள்.

அணையின் தலையிலிருந்து நேர் கீழாகத் துளை போட்டு, அடிப்பாறைக்குள் 30 அடி வரை இறக்கினார்கள். ஒவ்வொரு துளையிலும் 7 மி.மீ. தடிமன் கொண்ட 34 உறுதியான கம்பிகள் சேர்ந்த ஒரு கேபிள். அடிமுனையைப் பாறையில் சிமென்ட் பாலால் கெட்டியாகப் பிடிக்க வைத்து, மேல்முனையை ஜாக்கி வைத்து 120 டன் விசையில் இழுத்துப் பூட்டினார்கள். 2014 மே 7-ல் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது, இந்தப் பலப்படுத்தும் வேலைகள் முக்கியமான வாதமாக இருந்தன.

இரும்பை ஏன் இழுத்துப் பூட்டணும்? கல்லும் சாந்தும் அமுக்கினால் தாங்கும். இழுத்தால் பிளந்துவிடும். அணையை ஒரு பக்கம் தண்ணீர் தள்ளும்போது, அந்தப் பக்க அடிப்பகுதியில் இழுவிசை உண்டாகப் பார்க்கிறது. கேபிள்கள் அணையை மேலிருந்து பாறையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, அந்த இழுவிசை வராமல் தடுக்கின்றன.

சரி, இதுக்கும் கூடலூரிலோ கம்பத்திலோ பேங்க் லோன் போட்டு வீடு கட்டுகிற ஒருவருக்கும் என்ன சம்பந்தம்? ஹாலுக்கு மேலே போகும் பீமில் இருப்பதும் இதே பிரச்சினைதான். அங்கே எத்தனை கம்பி என்பதை முடிவு செய்வது பல நேரம் கணக்கு இல்லை, வாய்ச்சொல்தான்.

செருப்பு சொல்லும் இயற்பியல்

ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து, பக்கவாட்டில் பேனாவால் நேர்க்கோடுகள் போடுங்கள். இரண்டு முனையையும் தாங்கிப் பிடித்து நடுவில் கீழே அழுத்துங்கள். மேற்பக்கம் கோடுகள் நெருங்கும், அதாவது அமுக்கம். கீழ்ப்பக்கம் கோடுகள் விலகும், அதாவது இழுவை. நடுவில் ஒரு இடத்தில் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. இன்ஜினியர்கள் அதை நடுநிலை அச்சு என்பார்கள்.

வீட்டு பீமும் இப்படித்தான் வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில். கான்கிரீட் மேலே அமுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். கீழே இழுவையில் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதனால் விரிசல் விடும். அந்த இடத்தில் வேலையை வாங்கிக்கொள்வதற்குத்தான் கம்பி. 1867-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கிய ஜோசப் மோனியே ஒரு தோட்டக்காரர். அவர் செய்தது இரும்பு வலை வைத்த பூந்தொட்டி. அங்கிருந்து அடுக்குமாடி வரை வந்த கதையில், கம்பியை எங்கே வைப்பது என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. எவ்வளவு வைப்பது என்பதில்தான் நூறு வருடம் ஓடியது.

பழைய கணக்கு: தினமும் எவ்வளவு உழைக்கிறது?

முதலில் வந்தது 'ஒர்க்கிங் ஸ்ட்ரெஸ்' முறை. கேள்வி எளிமையானது. வீட்டில் ஆள் நடமாட்டம், சாமான், தளத்தின் எடை எல்லாம் சேர்ந்து வழக்கமான நாளில் பீமுக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது? அது பொருளின் பலத்தில் ஒரு சிறு பகுதிக்குள் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக எம்20 கான்கிரீட். 28 நாள் ஆன ஒரு கனசதுரத்தை நசுக்கினால் ஒரு சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஆனால் இந்த முறையில் பீம் வளையும்போது 7 நியூட்டனுக்கு மேல் அனுமதி இல்லை. எஃப்இ 500 கம்பிக்கு 500-க்குப் பதில் 275. இவ்வளவு தள்ளுபடி வைத்திருப்பதே பாதுகாப்பு என்பதுதான் தர்க்கம்.

நியாயமாகத் தெரிகிறது இல்லையா? சிக்கல் என்னவென்றால், இந்தக் கணக்கு கான்கிரீட்டை ஒரு ஸ்பிரிங் மாதிரி நினைக்கிறது. இரண்டு மடங்கு சுமை வைத்தால் சரியாக இரண்டு மடங்கு அமுங்கும் என்று. கான்கிரீட் அப்படி நடந்துகொள்ளாது. சுமை கூடக்கூட வளைந்து கொடுக்கும், வருடக்கணக்கில் மெதுவாக அமுங்கிக்கொண்டே போகும். அதைவிட முக்கியம், 'இது எப்போது உடையும், எப்படி உடையும்?' என்ற கேள்வியை இந்த முறை கேட்பதே இல்லை. தினமும் ஆபீசுக்கு ஒழுங்காக வருகிறார் என்பதை வைத்து ஒருவரின் உடல்நிலையை முடிவு செய்வது போல.

புதிய கணக்கு: உடைந்தால் எப்படி உடையும்?

இந்தியாவில் கான்கிரீட் கட்டுமானத்துக்கான விதிப்புத்தகம் ஐ.எஸ். 456. முதலில் வந்தது 1953-ல். 1964 திருத்தத்தில் உடையும் சுமையை வைத்துக் கணக்கிடும் முறை இடம் பிடித்தது. 1978-ல் வந்த திருத்தம்தான் பெரிய திருப்பம். 'லிமிட் ஸ்டேட்' முறை, தமிழில் எல்லை நிலை முறை, உள்ளே வந்தது. 2000-ல் வந்த பதிப்பில் பழைய ஒர்க்கிங் ஸ்ட்ரெஸ் முறை பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

எல்லை நிலை முறை இரண்டு எல்லைகளைப் பார்க்கிறது. ஒன்று, உடையும் எல்லை. வீட்டுச் சுமையை ஒன்றரை மடங்காக்கி, கான்கிரீட்டின் பலத்தை 1.5-ஆலும் கம்பியின் பலத்தை 1.15-ஆலும் வகுத்துக் குறைத்துப் பார்க்கிறார்கள். கம்பிக்கு ஏன் குறைந்த தள்ளுபடி? அது ஆலையில் அளந்து செய்து வருவது. கான்கிரீட் உங்கள் வாசலில் கலப்பது. யாரை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த இரண்டு எண்களும் நேர்மையாகச் சொல்லிவிடுகின்றன.

இன்னொன்று, பயன்பாட்டு எல்லை. உடையாது, ஆனால் தொய்ந்துபோய் கதவு சிக்கிக்கொள்கிறது என்றால் அதுவும் தோல்விதான். மொத்தத் தொய்வு பீமின் நீளத்தில் 250-ல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான்கு மீட்டர் பீமுக்கு 16 மி.மீ. விரிசல் பொதுவாக 0.3 மி.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு பீம், இரண்டு கணக்கு

ஒரு சாதாரண பீமை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுவர்களுக்கு நடுவே நான்கு மீட்டர். அகலம் 9 இன்ச். ஒரு மீட்டருக்கு 2 டன் சுமை. எம்20 கான்கிரீட், எஃப்இ 500 கம்பி. (இது புரிவதற்கான கணக்கு. பீமோடு சேர்ந்து ஊற்றப்படும் தளமும் சில இடங்களில் கைகொடுக்கும், அதை இங்கே சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுக்கு அப்படியே காப்பி பண்ணிவிடாதீர்கள்.)

பழைய முறைப்படி இந்த பீமுக்குச் சுமார் 20 இன்ச் ஆழம் வேண்டும். கீழே 12 எம்எம் கம்பி மூன்று கிட்டத்தட்ட போதும். புதிய முறைப்படி 15 இன்ச் ஆழமே போதும், ஆனால் கம்பி சுமார் 480 சதுர மி.மீ. வேண்டும். 16 எம்எம் கம்பி இரண்டு, 12 எம்எம் ஒன்று போட்டால் 515 சதுர மி.மீ. கிடைக்கும்.

ஐந்து இன்ச் வித்தியாசம். ஹாலில் தலைக்கு மேலே தொங்கும் பீம் எவ்வளவு கீழே இறங்கும் என்பதில் அது கண்ணுக்கே தெரியும். கான்கிரீட்டின் உண்மையான பலத்தை முழுசாகப் பயன்படுத்துவதால் இந்த மிச்சம். ஆனால் மிச்சப்படுத்தியதற்கு ஒரு விலை உண்டு. பழைய பீமில் தவறுகளை மன்னிக்க நிறைய கான்கிரீட் இருந்தது. புதிய பீமில் அந்த அளவு இல்லை.

அந்த இன்னொரு கம்பி

இப்போது சைட்டுக்கு வருவோம். கம்பி கட்டி முடிந்திருக்கிறது. நாளைக்கு கான்கிரீட். வீட்டுக்காரர் பார்க்க வருகிறார். "சார், எதுக்கும் சேஃப்டிக்கு இன்னும் ரெண்டு கம்பி போட்டுருவோமா?" என்கிறார் மேஸ்திரி. வீட்டுக்காரருக்கும் மனசுக்கு நிம்மதி. கம்பிதானே, கூட இருந்தால் நல்லதுதானே?

இந்த 15 இன்ச் பீமில் விதிப்படி கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய கம்பியின் உச்ச அளவு சுமார் 595 சதுர மி.மீ. 16 எம்எம் கம்பி மூன்று போட்டாலே 603. எல்லையைத் தொட்டாச்சு. நான்காவதைப் போட்டால் 804. அந்த நான்காவது கம்பியின் காசுக்கு, கணக்குப்படி, பீமின் பலத்தில் ஒரு பைசா வரவு இல்லை. அது மட்டும் என்றால் நஷ்டத்தோடு போயிருக்கும்.

பீம் அளவுக்கு மீறி வளையும்போது உள்ளே இரண்டு பேருக்கு நடுவே போட்டி. மேலே கான்கிரீட், கீழே கம்பி. யார் முதலில் கைவிடுவது? கான்கிரீட் ஒரு மீட்டருக்குச் சுமார் 3.5 மி.மீ. அமுங்கினால் நொறுங்கிவிடும். முன்னறிவிப்பு கிடையாது. எஃப்இ 500டி கம்பி அறுவதற்கு முன் ஒரு மீட்டருக்குக் குறைந்தது 160 மி.மீ. அளவில் நீளும் என்பது தர விதி. அதாவது கம்பி மெதுவாக மிட்டாய் மாதிரி இழுபடும். கான்கிரீட் அப்பளம்.

கம்பி அளவாக இருந்தால், முதலில் கம்பி இழுபடத் தொடங்கும். பீம் தொய்யும், கீழே விரிசல்கள் அகலும், பூச்சு உதிரும். வீட்டில் இருப்பவர்கள் "என்னமோ சரியில்லை" என்று வெளியே வர நேரம் கிடைக்கும். கம்பி அளவுக்கு மீறி இருந்தால் அது இழுபடவே இழுபடாது, அவ்வளவு பலம். அதனால் மேலே இருக்கும் கான்கிரீட் முதலில் நொறுங்கும். கீழே பெரிய விரிசல் இல்லை, தொய்வு இல்லை. திடீரென்று ஒரு சத்தம்தான்.

எல்லை நிலை முறையில் கம்பிக்கு உச்சவரம்பு இருப்பதன் காரணம் இதுதான். எஃப்இ 500 கம்பிக்கு, பீமின் பயனுள்ள ஆழத்தில் 46 சதவீதத்துக்கு மேல் அமுக்கப் பகுதி இறங்கக் கூடாது என்கிறது விதி. வறட்டு எண் மாதிரி தெரியும். ஆனால் உடைந்தால் எச்சரித்துவிட்டு உடை என்று பீமுக்குப் போட்ட நிபந்தனை அது.

பலம் கூடணும் என்றால் வழி வேறு. ஆழத்தைக் கூட்ட வேண்டும். அதே பீமை 15-லிருந்து 18 இன்ச்சாக்கினால் தாங்கும் திறனின் உச்சம் சுமார் 50 சதவீதம் கூடும், ஏனென்றால் அது ஆழத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. ஆழத்தைக் கூட்ட வழியில்லை என்றால் அமுக்கம் வரும் மேற்பக்கத்திலும் கணக்குப் போட்டு கம்பி வைப்பார்கள். இரண்டுமே கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல் நாள் மாலை முடிவு செய்யும் விஷயம் இல்லை.

தண்ணீர் செய்யும் துரோகம்

கம்பியைக் கூட்டாமலே இதே ஆபத்துக்குள் போக ஒரு வழி இருக்கிறது, அது இன்னும் சுலபம். கான்கிரீட்டைக் கெடுப்பது.

ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற 1:2:4 கலவை தலைமுறை தலைமுறையாக மேஸ்திரிகள் வாயில் வருவது. அது எம்15. 2000-ல் வந்த விதிப்புத்தகம் கம்பி போடும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 வேண்டும் என்கிறது, கலவைக் கணக்கில் 1:1.5:3. சரியான கலவை போட்டாலும், "டைட்டா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்ற ஒரு சத்தத்தில் பலம் இறங்கிவிடும். எம்20-க்கு ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு அதிகபட்சம் 27 லிட்டர் சொச்சம் தண்ணீர்தான். ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் இதில் சேர்த்தி. இரண்டு பருவமழையிலும் நனையும் மலையடிவார ஊர்களில் மணல் குவியல் எத்தனை நாள் காய்ந்து கிடக்கும்?

நம்ம பீமுக்கே திரும்புவோம். கான்கிரீட் எம்15 ஆக இறங்கினால், கம்பியின் உச்சவரம்பு 595-லிருந்து 446 சதுர மி.மீ. ஆகிறது. இன்ஜினியர் சரியாகக் கணக்குப் போட்டு வைத்தது 515. அதாவது வரைபடத்தில் துளி மாற்றம் இல்லை, ஒரு கம்பி கூடுதலாகப் போடவில்லை, ஆனாலும் அந்த பீம் இப்போது முன்னறிவிப்பு இல்லாமல் உடையும் வகையில் சேர்ந்துவிட்டது. தாங்கும் திறனும் தேவைக்குக் கீழே போய்விட்டது.

கம்பி இருக்கு, இடம் மாறிடுச்சு

பால்கனியும் சன்ஷேடும் ஒரு முனையில் மட்டும் பிடிப்பு உள்ளவை. செருப்பை ஒரு முனையில் பிடித்து மறுமுனையை அழுத்திப் பாருங்கள், இழுவை மேற்பக்கம் வரும். எனவே கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போது அந்தக் கம்பி மீது ஆள் நடந்து மிதித்து, அது கீழே அமுங்கிப் போவது சகஜம். வெளியிலிருந்து பார்த்தால் பால்கனி அழகாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத தவறு எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தொடர்ச்சியாகப் போகும் பீம், தூண் மேல் ஏறும் இடத்திலும் இதே கதை. அங்கேயும் மேல்கம்பிதான் உழைக்கிறது.

குறுக்கே கட்டும் ரிங்குகளைப் பற்றி ஒரே வரி. அவை கம்பியைப் பிடித்து நிற்க வைப்பதற்காக மட்டும் இல்லை. தாங்கும் முனைக்குப் பக்கத்தில் வரும் சாய்ந்த விரிசலைத் தடுப்பது அவைதான், அதனால் முனைகளில் நெருக்கமாகக் கட்டச் சொன்னால் நெருக்கமாகவே கட்ட வேண்டும்.

பழைய முறை செத்துவிட்டதா?

இல்லை. தண்ணீர்த் தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 விதியில் எல்லை நிலை முறை 2009-ல்தான் வந்தது. ஊர் ஊராக நிற்கும் பழைய மேல்நிலைத் தொட்டிகள் ஒர்க்கிங் ஸ்ட்ரெஸ் கணக்கின் பிள்ளைகள். அங்கே அதற்கு நியாயமும் உண்டு. தொட்டியில் கவலை உடைவது பற்றி மட்டும் இல்லை, கசிவது பற்றி. தினசரி அழுத்தத்தைக் குறைவாக வைத்தால் விரிசலும் மெலிதாக இருக்கும். பாலங்களுக்கு 2011-ல் வந்த ஐ.ஆர்.சி. 112 எல்லை நிலைக்கு மாறியது.

கான்கிரீட் நாளுக்கு முன்

வீடு கட்டுகிறவர் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு பீமுக்கும் அகலம், ஆழம், கீழ்க்கம்பி, மேல்கம்பி, ரிங் இடைவெளி, கான்கிரீட் தரம் ஆறும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். இல்லையென்றால் அது வீட்டு பிளான்தான், ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லை. பேங்க் கேட்பதும் நகராட்சி கேட்பதும் பல நேரம் முதலாவதைத்தான் என்பதால், இரண்டாவதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கம்பி கட்டி முடித்ததும் ஒவ்வொரு பீமையும் போனில் படம் எடுத்து இன்ஜினியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பால்கனி இருந்தால் அதைத் தனியாக. பலகைக்கும் கம்பிக்கும் நடுவே கவர் பிளாக் இருப்பது படத்தில் தெரிய வேண்டும். கூடுதல் கம்பி போடலாம் என்று யாராவது சொன்னால், போடுவதற்கு முன் அதையும் அவரிடம் கேளுங்கள்.

கான்கிரீட் அன்று மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். குடத்தில் அளந்து ஊற்றினால் எண்ணிவிடலாம். ஹோஸ் பைப்பில் விட்டால் எண்ண முடியாது.